ஆண்குறியில் புற்றுநோயும் அதற்கு முந்தைய நிலையும்: எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பாவுக்கு 56 வயது. காசிமேட்டில் விசைப்படகில் தொழில். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. ஒன்றரை ஆண்டாக முன்தோல் இறுகி, பின்னுக்குத் தள்ள முடியாமல் இருந்திருக்கிறது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. கைலியில் அடிக்கடி கறை இருப்பதைத் துவைக்கும்போது கவனித்த அம்மாதான் விடாப்பிடியாக மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மருத்துவர் முன்தோலின் மேல்பக்கம் சிறிய கீறல் போட்டுத் திறந்து பார்த்தபோது மொட்டின் மேல், அதாவது உறுப்பின் நுனிப்பகுதியில், பளபளவென்று ஒரு சிவப்புத் திட்டு. அதிலிருந்து எடுத்த பயாப்ஸியின் முடிவு: ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன் சிட்டு’. அறுவைச் சிகிச்சை என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்து வந்துவிட்டார். அதை வெட்டிக்கொண்டு நடமாடுவதைவிடக் கடலிலேயே போய்ச் சேரலாம் என்கிறாராம். தம்பி கேட்பவை நான்கு. களிம்பு தடவினால் போதாதா? வெட்டினால் எவ்வளவு போகும்? ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை, அதாவது இன்னும் மூன்று மாதம், தள்ளிப்போடலாமா? அம்மாவுக்குத் தொற்றுமா?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுநீரகத் துறையில் அறுவைச் சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி வடசென்னை மக்களோடு கழிந்தது. அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனாலும் அறிக்கை நீங்கள் எழுதியபடி இருந்தால், நேராகவே சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் உறுப்பு போகப்போவதில்லை. முன்தோல் போகும். மொட்டின் மேல்தோல் போகலாம். தடைக்காலம்வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவுக்குப் புற்றுநோய் தொற்றாது. ஆனால் அவருக்கும் ஒரு பரிசோதனை தேவை.

அறிக்கையில் புற்றுநோயைக் குறிக்கும் ‘கார்சினோமா’ என்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் வாலில் இருக்கும் ‘இன் சிட்டு’ யாருக்கும் தெரிவதில்லை. லத்தீன் சொல், ‘இருந்த இடத்திலேயே’ என்று பொருள். ராயபுரத்துப் பழைய வீடுகளில் உப்புக்காற்றும் ஓதமும் சுவரைத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சுண்ணாம்பு பொருக்குவிடும். விட்டுவைத்தால் பூச்சு உப்பி உதிரும். அதையும் விட்டால் செங்கல் மாவாகும். அப்பாவுடையது இப்போதைக்குச் சுண்ணாம்பு நிலை. கெட்டுப்போன செல்கள் மேல்தோலுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு அடியில் விரித்தாற்போல இருக்கும் மெல்லிய படலத்தைத் தாண்டவில்லை. ரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன. தாண்டாத செல்லுக்கு ஊர்சுற்ற வழி கிடையாது. அதனால்தான் இதைப் புற்றுநோய் என்று சொல்லாமல் புற்றுக்கு முந்தைய நிலை என்கிறோம்.

பழைய புத்தகங்களில் இதற்கே இரண்டு பெயர்கள் இருக்கும். தண்டின் தோலில் வந்தால் போவன் நோய். மொட்டிலோ முன்தோலின் உட்புறத்திலோ வந்தால் கேராவின் எரித்ரோபிளேசியா. 1911-இல் கேராவும் 1912-இல் போவனும் தனித்தனியாக எழுதிவைத்தார்கள். நுண்ணோக்கிக்கு அடியில் இரண்டும் ஒன்றுதான். பெயரைவிட, எந்த வழியாக வந்தது என்பது இப்போது முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. எச்.பி.வி. என்னும் வைரஸ் வழியாக வருவது ஒன்று. அதில் 16-ஆம் வகை வைரஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி. வைரஸ் சம்பந்தமே இல்லாமல், நாள்பட்ட அழற்சியின் மேல் வருவது இன்னொன்று. லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்னும் தோல்நோய், முன்தோலை வெள்ளைக் காகிதம்போல வெளிறச் செய்து இறுக்கிக்கொண்டே போகும், அதன்மேல் இது முளைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடும் இந்த இரண்டு வழிகளாகத்தான் பிரிக்கிறது. அப்பாவின் அறிக்கையில் ‘பி16’ என்ற சோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது வைரஸின் கைரேகை மாதிரி. அம்மாவைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது.

ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்; ‘எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தாரோ’ என்று அம்மா ஒருமுறையாவது நினைத்திருப்பார். எனவே சொல்கிறேன். முன்தோல் இறுக்கம், அதற்குள் கழுவ முடியாமல் சேரும் வெள்ளை அழுக்கு, அது உண்டாக்கும் ஓயாத புண், பீடி சிகரெட், சர்க்கரை. எந்தப் பெண்ணின் பெயரையும் சேர்க்காமலே இந்தப் பட்டியலில் நோய் வந்துவிடும். நாள்கணக்கில் கடலில் தங்கும் படகில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும்தான். குளியல் உப்புத் தண்ணீரில். சர்க்கரை ஏறிய சிறுநீர் முன்தோலுக்குள் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், தோல் வெடிக்கும், வெடிப்பு ஆறும்போது இன்னும் இறுகும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகளில் இந்தத் தொல்லை கூடுதல். அப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மண்ணடி, ராயபுரம் பக்கத்திலிருந்து எவ்வளவோ இஸ்லாமிய ஆண்கள் மற்ற சிறுநீரகப் பிரச்சினைகளுக்காக என்னிடம் வந்திருக்கிறார்கள். சிறுவயதிலேயே சுன்னத்து செய்துகொண்ட அவர்களிடம் இந்த ஒரு நோயை நான் பார்த்தது மிக மிக அபூர்வம். உலகம் முழுக்கவே அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்குக் கோபம் வருவது அதில்தான். மருந்துக்கடையில் ‘அந்த இடத்து அரிப்பு’ என்றதும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ஒரு களிம்பைத் தள்ளிவிடுகிறார்கள். தடவினால் நாலு நாள் சிவப்பு மங்கும். நோய் அடியில் பத்திரமாக இருக்கும். அது சலித்தால், பொதுக் கழிப்பிடச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ். அந்த அறையில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மொட்டில் ஒரு சிவப்போ, வெள்ளைத் திட்டோ, பருவோ, புண்ணோ ஒரு மாதம் தாண்டியும் ஆறவில்லை என்றால் அடுத்த களிம்பு தேவையில்லை, பயாப்ஸி தேவை.

சிகிச்சைக்கு வருகிறேன். முதல் படி எல்லாருக்கும் ஒன்றே: முன்தோலை அகற்றுவது. இந்த வயதில் சுன்னத்தா என்று அப்பா முகம் சுளிப்பார். நோய் குடியிருக்கும் இருட்டறையே அதுதான் என்று சொல்லுங்கள். திட்டு முன்தோலில் மட்டும் இருந்தால் இத்தோடு முடிந்தது. மொட்டில் இருந்தாலும் இதைச் செய்யாமல் மொட்டைத் தெளிவாகப் பார்க்கவோ, பின்னால் கண்காணிக்கவோ முடியாது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம்.

அடுத்து நீங்கள் ஆசைப்படும் களிம்பு. உண்மையாகவே இருக்கிறது, ஏமாற்று இல்லை. 5 சதவீத ஃப்ளூரோயூராசில் ஒன்று. அது புற்றுச்செல்லின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தின் களிம்பு வடிவம். இமிக்விமோட் இன்னொன்று, அது உடலின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுபோல மருத்துவர் சொல்லும் கணக்கில் நாலு முதல் ஆறு வாரம் தடவ வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து அந்த இடம் வெந்துபோனது மாதிரி செக்கச்செவேலென்று ஆகி நீர் வடியும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கையுறை போட்டுத் தடவ வேண்டும், மனைவியின் மேல் படக் கூடாது. முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பயாப்ஸி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் முழுக்கக் குணமாவது பாதிப் பேருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஒருமுறை கேட்கவில்லை என்றால் அதையே திரும்பத் தடவிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அறுவைக்குப் போய்விட வேண்டும்.

திட்டு சிறியதாக, விளிம்பு தெளிவாக இருந்து, ஆள் வீட்டில் இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருபவராக இருந்தால் நானும் களிம்பைத்தான் முதலில் எழுதுவேன். உங்கள் அப்பாவுக்கு எழுத மாட்டேன். வெந்து நீர்வடியும் மொட்டோடு, பாதி சிகிச்சையில், சர்க்கரை உடம்போடு, படகேறி வலை இழுக்கப் போய்விடுவார். திரும்பி வந்து ‘ஆறிவிட்டது’ என்பார். ஒன்றரை ஆண்டு மறைத்தவர், இதையும் மறைப்பார். சிகிச்சையை நோய்க்கு மட்டும் எழுதக் கூடாது, ஆளுக்கும் சேர்த்து எழுத வேண்டும்.

லேசர் பற்றிச் சுருக்கமாக. கார்பன் டை ஆக்சைடு லேசரோ என்டி-யாக் லேசரோ கொண்டு திட்டை எரித்துவிடலாம், அழகாக ஆறும். ஆனால் எரித்துவிட்ட பிறகு நோயியல் நிபுணரிடம் கொடுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது, மீண்டும் வருவதும் சற்றே அதிகம். இங்கே எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. காரணம், பயாப்ஸி என்பது திட்டின் ஒரு மூலையிலிருந்து எடுத்த துணுக்கு. அதில் ‘இன் சிட்டு’ என்று வந்தவர்களுக்கே, முழுத் திட்டையும் எடுத்து ஆராய்ந்தால், பத்து முதல் இருபது சதவீதம் பேருக்கு ஏதோ ஓரிடத்தில் நோய் அந்தப் படலத்தைத் தாண்டி இறங்கியிருப்பது தெரியவரும். எரித்தவருக்கு அது தெரியாமலே போகும். முழுசாக எடுத்துக் கண்ணால் பார்ப்பதில்தான் எனக்கு நிம்மதி.

அப்படி எடுக்கும் முறைதான் மொட்டுக்குப் புதுத்தோல் போர்த்துவது. அப்பாவிடம் இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது என்பதால் கொஞ்சம் நெருங்கியே காட்டுகிறேன். மயக்கம் கொடுத்தபின் உறுப்பின் அடியில் ரத்தம் வராமல் ஒரு ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டுவோம். சிறுநீர்த் துளையிலிருந்து மொட்டின் விளிம்புவரை நான்கு கோடுகள் வரைந்து, மொட்டை நான்கு காலாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு காலிலும் துளை ஓரத்தில் தொடங்கி, மேல்தோலையும் அதன் அடித்தோலையும் சேர்த்து, கீழே இருக்கும் பஞ்சுத் திசு காயப்படாமல் உரித்துக்கொண்டு வர வேண்டும். நுங்கை உடைக்காமல் அதன்மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை நகத்தால் உரிப்போமே, அந்தப் பொறுமை வேண்டும். உரித்த நான்கு துண்டுகளும், அடியிலிருந்து எடுத்த துணுக்குகளும் தனித்தனிப் புட்டிகளில் பரிசோதனைக்குப் போகும். பிறகு தொடையிலிருந்து, வெங்காயச் சருகைவிடச் சற்றே தடித்த ஒரு தோலை இழைத்தெடுத்து, மொட்டின் மேல் போர்த்தி, மெத்தைக்குத் தையல் போடுவதுபோல அங்கங்கே நுண்ணிய தையல்களால் பதித்துவிடுவோம். அடியில் ரத்தம் தேங்கித் தோலைத் தூக்கிவிடக் கூடாது, அதற்குத்தான் அந்தத் தையல். சிறுநீருக்கு ஒரு குழாய். ஐந்து நாள் கட்டுப் பிரிக்காமல் படுக்கை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது தோல் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் அறையில் இருக்கும் எல்லாருக்கும் மூச்சு வரும். தொடைக் காயம்தான் உண்மையில் அதிகம் வலிக்கும். சாலையில் சறுக்கி விழுந்து சிராய்த்தது மாதிரி.

விறைப்புக்குக் காரணமான இரண்டு தண்டுகளை இந்த அறுவை தொடுவதே இல்லை. நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கலாம். தாம்பத்தியம் உண்டு, மொட்டில் உணர்ச்சி கொஞ்சம் மழுங்கும். நோய் மீண்டும் வருவது மிகக் குறைவு. அப்பா நினைத்துக்கொண்டிருக்கும் ‘வெட்டு’ இதுதான்.

சரி, எடுத்த துண்டில் நோய் இறங்கியிருப்பது தெரிந்தால்? அப்போதும் கேட்க வேண்டியது எவ்வளவு ஆழம், எவ்வளவு மூர்க்கமான செல் என்பதுதான். படலத்தைத் தாண்டி அடித்தோலில் மட்டும் இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுற்றி வெட்டி எடுத்து ஒட்டுத்தோல் வைக்கலாம். மொட்டின் பஞ்சுத் திசுவுக்குள் இறங்கியிருந்தால் மொட்டை மட்டும் கழற்றி, தண்டின் நுனிக்குத் தோல் போர்த்தி மொட்டுபோல வடிவமைக்கலாம். விறைப்புத் தண்டுகளுக்குள் போயிருந்தால் உறுப்பின் ஒரு பகுதி போகும். அடிவரை போயிருந்தால்தான் முழுவதும் எடுத்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் சிறுநீருக்குத் துளை வைப்பது. அதன்பின் உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும். விதைகள் அப்போதும் அப்படியே இருக்கும். குரலோ மீசையோ மாறாது, ஆசையும் அற்றுப்போகாது. பகுதி போனவர்களில், மிஞ்சிய நீளம் போதுமானதாக இருந்து, தாம்பத்தியத்துக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுடைய மனைவிகள்தான் அதைச் சாத்தியமாக்கியவர்கள்.

நான் படித்த காலத்தில், நோயின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டு என்று மனப்பாடம் செய்துகொண்டோம். இரண்டு சென்டிமீட்டர் என்றால் அந்த இடத்தில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். செல்கள் அவ்வளவு தூரம் ஓடுவதில்லை, சில மில்லிமீட்டர் போதும் என்று பின்னால்தான் தெளிவாயிற்று. மனப்பாடத்துக்காக எத்தனை பேருடையதைக் குட்டையாக்கினோம் என்று நினைத்தால் எனக்கே கசக்கிறது. குறைவாக வெட்டினால் அதே இடத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்து மறுபடி எடுத்துவிட்டால் ஆயுள் பெரிதாகக் குறைவதில்லை. முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவேன் என்பவருக்குத்தான் இந்தச் சலுகை.

கத்தியே வேண்டாம் என்பவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியானால், கதிர் வெளியிடும் ஊசிகளைக் கட்டிக்குள்ளேயே செருகிச் செய்யும் முறை நன்றாகவே பலன் தரும். பெரும்பாலோருக்கு உறுப்பு நிலைக்கிறது. அதற்கு முன்பும் முன்தோலை எடுத்தே ஆக வேண்டும். பின்விளைவாகச் சிறுநீர்த் துளை சுருங்கலாம், ஆறாத புண் வரலாம். ஊசி வைத்துப் பழகிய கை வேண்டும். உங்கள் அப்பாவின் நிலைக்கு இது இப்போது தேவைப்படாது.

இதுவரை உறுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நோயாளிகளும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். உயிர் இருப்பதோ தொடை இடுக்கில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவர் வந்தார். மூலக்கொத்தளம் பக்கம் மீன்பாடி வண்டி ஓட்டியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓராண்டுக்கு முன் உறுப்பின் நுனிப்பகுதியை அகற்றியிருந்தார்கள். காயம் வரி தெரியாமல் ஆறியிருந்தது. அவ்வளவு சுத்தமான கைவேலை. மூன்று மாதத்தில் வரச் சொன்னதற்கு அவர் போகவில்லை. ஆறிவிட்டதே, எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டார். வலது தொடை இடுக்கில் நெறி கட்டியது, அது உடைந்தது. புண்ணின் வாடை தெரியாமலிருக்க வாசனைப் பவுடரைக் கொட்டி, ஈரத் துண்டைப் பலமுறை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பவுடரும் சீழும் கலந்த அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அடியில் தொடையின் பெரிய தமனி. பதினொன்றாம் நாள் விடியற்காலை அது அரித்துத் திறந்துகொண்டது. செவிலியர் ஓடிவந்து கையால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. அவர் மனைவிக்கு அவர் ‘அரையாப்புக் கட்டி’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

இந்த நோய் பெரும்பாலும் வழி மாறாமல் நடக்கும்: உறுப்பிலிருந்து தொடை இடுக்கின் நிணநீர் முடிச்சுகளுக்கு, அங்கிருந்து இடுப்புக்குள், அதன்பிறகே நுரையீரல், கல்லீரல். தொடை இடுக்கைத் தொடாத நோயில் ஐந்தாண்டு தாண்டுபவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். இடுப்புக்குள் போய்விட்டால் அந்தக் கணக்கு செங்குத்தாக விழுகிறது. கைக்குத் தட்டுப்படும் முடிச்சு எல்லாம் புற்றும் அல்ல. செருப்பில்லாமல் நடப்பவர், காலில் மீன்முள் குத்தியவர், உறுப்பில் சீழ் பிடித்தவர் எல்லாருக்கும் நெறி கட்டும். முன்பெல்லாம் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து வடிகிறதா என்று பார்ப்போம். இப்போது அந்தக் காத்திருப்பு வேண்டாம். மெல்லிய ஊசியால் குத்தி எடுத்து அன்றே அனுப்பிவிடலாம். தட்டுப்படாத தொடை இடுக்கிலும், நோய் ஆழமாக இறங்கியவர்களில் நான்கில் ஒருவர்வரை கண்ணுக்குத் தெரியாத பரவல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சாயத்தையும் கதிர்மருந்தையும் உறுப்பில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோயில் இன்று எல்லாருக்கும் தெரிந்த இந்தக் காவல் முடிச்சு யோசனையை ஆண்குறிப் புற்றுநோயில்தான் 1977-இல் கபனாஸ் என்ற அறுவை மருத்துவர் விரிவாக எழுதினார். நம் துறைக்குப் பெருமை பேச அதிகம் இல்லை, இதைச் சொல்லிக்கொள்வோம்.

முடிச்சுகளை முழுவதும் எடுக்கும் அறுவை கடினமானது. தோல் கருகலாம், நீர் கோக்கலாம், கால் நிரந்தரமாக வீங்கலாம். நம் பக்கத்தில் வீங்கிய காலைப் பார்த்தால் யானைக்கால் என்று தெருவே முடிவுகட்டும். அதற்குப் பயந்து அழுத்தக் காலுறை போடாமல் இருப்பவர்கள் உண்டு. வீக்கம் வேண்டாம் என்று அறுவையைத் தவிர்ப்பதோ மேலே சொன்ன மீன்பாடி வண்டிக்காரரின் வழி. முடிச்சுகள் பெரிதாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் முதலில் பாக்லிடாக்செல், ஐஃபாஸ்ஃபமைடு, சிஸ்பிளாட்டின் மூன்றையும் சேர்த்து நான்கு சுற்று கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவைக்குப் போவோம். ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சுருங்கும். அதையும் தாண்டியவர்களில் சிலருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் உதவுகின்றன. விலை கழுத்தைப் பிடிக்கும்.

உங்கள் அப்பாவுக்கு, ‘இன் சிட்டு’ என்பது உறுதியானால், தொடை இடுக்கில் கத்தி தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் அவர் இரண்டு தொடை இடுக்கையும் கைவைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால், ‘ஐயா, நெறி ஏதும் இருக்கிறதா?’ என்று நீங்களே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவுக்கு வருவோம். புற்றுநோய் ஆளுக்கு ஆள் தாவாது. வைரஸ் தாவும். பி16 இருக்கிறது என்று வந்தால், பல ஆண்டுகளுக்கு முன்பே இருவரிடமும் அந்த வைரஸ் இருந்திருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தச் சோதனையும் சொல்லாது; அந்த விசாரணையை வீட்டில் தொடங்காதீர்கள். அம்மாவைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். வைரஸ் இல்லை என்று வந்தாலும் அந்த வயதில் அது நல்லதே. உங்களுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் தம்பி தங்கை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி விசாரியுங்கள். 2023 முதல் நம் நாட்டிலேயே தயாராகி வரும் செர்வாவாக், ஒன்பது முதல் இருபத்தாறு வயதுவரை ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதிக்கப்பட்டது.

எங்கே போவது என்பதற்கு வடசென்னைக்காரர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சிறுநீரகத் துறையும் பிளாஸ்டிக் அறுவைத் துறையும் ஒரே வளாகத்தில். புதுத்தோல் போர்த்தும் வேலைக்கு இரண்டு துறையும் கைகோத்தால் நல்லது. கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்பட்டால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று வழிகள் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றை இப்போதே எடுத்துவையுங்கள்.

கடைசியாகத் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் நிற்கும், வருமான இழப்பு இல்லாமல் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா கணக்குப் போடுவது எனக்குப் புரிகிறது. ‘இன் சிட்டு’ மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் சில வாரம் தள்ளுவதில் உலகம் புரளாது. அது நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஐந்தில் ஒருவராக அப்பா இருந்துவிட்டால் அந்த மூன்று மாதமும் நோய்க்குப் போகும். எனவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். முன்தோல் அகற்றுவதையும், வெளிச்சத்தில் மொட்டைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களில் துணுக்கு எடுப்பதையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். மூன்று வாரத்தில் ஆறிவிடும். எல்லாத் துணுக்கிலும் ‘இன் சிட்டு’தான் என்று வந்தால், புதுத்தோல் போர்த்தும் வேலையைத் தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறாரா என்று மருத்துவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம், இப்போதே என்றால், அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் திட்டைப் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். துணுக்கைப் பரிசோதித்த ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்தால் கண்ணாடி ஸ்லைடையும், மெழுகில் பதித்த அந்தச் சதைத் துண்டையும் கேட்டு வாங்கலாம். இன்னொரு நோயியல் நிபுணர் பார்ப்பதற்கும், பி16 செய்யாமல் விட்டிருந்தால் செய்வதற்கும் அது வேண்டும். அம்மாவையும் உள்ளே அழைத்துப் போங்கள், வெளி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அப்பா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.